பதில் வாங்காத அப்பா

உறையூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா மதுரைவீரன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா பிரேமலதாவும் சுகம். நான் படிக்கப் போகிற சென்டர் கம்ப்யூட்டரும் சுகம், அது நேற்றுச் சாயங்காலம்தான் தேறியது. புனேயில் நீ சுகமாக இருக்க வேண்டும்.

நீ போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. கோபம் என்கிறாள் அம்மா. "'அப்பா, ஒண்ணு சொல்லணும்'னு அவ மூணு தடவ ஆரம்பிச்சா. சாப்டியா, தூங்குனியா, பஸ் கெடச்சுதான்னு கேட்டுட்டு நீங்க பாட்டுக்கு வச்சிட்டீங்க" என்கிறாள். என்னம்மா செய்வது, முப்பது வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் நேரம் சொன்னவன் நான். மைக் என்றைக்காவது திருப்பிப் பேசியிருக்கிறதா?

சரி, உன்னிடமிருந்து மெயில் வருகிறதா என்று பார்க்க, தென்னூர் கம்ப்யூட்டர் சென்டரில் படித்ததை வைத்து நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அது நிமிஷத்துக்கு ஒரு குட்டி புரோகிராமைப் பெற்று, 'போய்ப் பார்த்துட்டு வா' என்று அனுப்பும். சென்டரிலேயே ஓட விட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், மிஷின் புதிதாக எதையும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வஹீதா டீச்சர் பட்டியலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைங்க போயிட்டு வந்து வாசல்லயே நிக்குதுங்க. வேலை முடிஞ்சிருச்சு. ஆனா பெத்தவரு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்குற வரைக்கும் கெர்னல் பட்டியல்லருந்து பேரை அடிக்காது" என்றார். கெர்னல் என்பது மிஷினுக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற நிர்வாகி. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் போட்டு, பக்கத்திலேயே அதன் அப்பா நம்பரையும் குறித்து வைத்திருக்கும். நான் விடுவேனா? பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தப் பார்த்தேன். ஏற்கெனவே முடிந்துபோனதை எங்கே நிறுத்துவது! "பிள்ளைங்க மேல தப்பில்ல சார், அப்பாவ நிறுத்துங்க" என்றார் டீச்சர். சென்டரே திரும்பி என்னைப் பார்த்தது. நிறுத்தினேன். அப்பா போன பிள்ளைகளையெல்லாம் மிஷின் எழுந்ததும் முதலில் ஓடுகிற நம்பர் ஒன்று என்கிற புரோகிராம் தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் என்ன ஆச்சு என்று கேட்டது. ஒரே நொடியில் பட்டியல் காலி. யாரோ பெத்ததை அது கேக்குதும்மா. நான் பெத்ததை நான் கேக்கல.

"பிள்ளை வந்து சொல்ற வரைக்கும் காத்திருன்னு ஒரு வரி விட்டுட்டீங்க சார்" என்று டீச்சர் அதைச் சேர்த்துக் கொடுத்தார். மறுபடி ஓட விட்டோம். போன முதல் பிள்ளையே பதிலோட வந்துச்சு: உன் மெயில்! முந்தாநாளே வந்திருக்கு. 'கேக்கறதா இருந்தா சொல்றேன்ப்பா'ன்னு ஒரே வரி. அன்னையிலிருந்து போன பிள்ளைங்க அத்தனையும் இந்தப் பதிலை வச்சிக்கிட்டுதான் நின்னிருக்கு, பாவம்.

கேக்கறேன்மா. போன்ல பேசினா குறுக்க விழுந்துடுவேன், அதான் லெட்டர். வேலைய விட்டுட்டியா, யாரையாவது புடிச்சிருக்கா, எதுவா இருந்தாலும் அப்பா... பாத்தியா, மறுபடியும் நானே பேசிக்கிட்டுப் போறேன்! நீ சொல்லு. சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்.

நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், நோய்நொடி அண்டாமல் இரு.

உன் அப்பா,
மதுரைவீரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி இன்றோடு ஒன்பது நாள். சொன்னபடி வாயைத் திறக்காமல் உன் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. உன் மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. இப்போதுதான் அம்மா மேஜை மேல் இருந்த கவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "லெட்டரப் போட்டாதானங்க பதில் வரும்!"