சுவரில்லாத வீட்டின் கிழக்கு வாசல்

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.
12.12.1996

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

மருமகன் அன்புராசா பணிவுடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். என் மூக்கு, காது, விரல் நுனிகள் ஆகியவற்றின் நலம் பற்றிப் பனி கரைந்த பிறகுதான் உறுதியாகச் சொல்லலாம். உங்கள் முழங்கால் வலி குறையவும், வெள்ளவத்தை வீட்டுக்காரர் கரைச்சல் தராமல் இருக்கவும் நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் மகள் அருள்நாயகியையும் கேட்டதாகச் சொல்லவும். என் மனைவியைக் கேட்டதாக இன்னொருவரிடம் சொல்லிவிட வேண்டிய நிலைமையில் இருக்கிறேன் என்பதையும் இந்த இடத்தில் தாழ்மையுடன் குறிப்பிடுகிறேன்.

நிற்க. நான் அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “கூரையை மட்டும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர், சுவர்களையும் பிடித்து அனுப்பவும்” என்று எழுதியிருந்தீர்கள். மாமா, படத்தில் பிழையில்லை. இந்த வீட்டின் இரண்டு பக்கமும் சுவரே கிடையாது. கூரையே நிலம்வரை இறங்கிவிடும், முன்னால் நின்று பார்த்தால் ஆங்கில எழுத்து ஏ. பனி தங்காமல் வழுக்கி விழட்டும் என்று இந்தப் பக்கத்தில் இப்படிக் கட்டுகிறார்கள். ஓவசியராக இருந்து எத்தனையோ பாலமும் மதகும் கட்டிய உங்களுக்கு இது ஒரு வீடாகத் தெரியாதுதான். ஆனால் தொடக்கியது நீங்கள். உங்கள் மகளுக்குக் கனடா விசா குத்தி வந்த கையோடு அவவை அனுப்பிவையுங்கள் என்று கேட்டேன். “பதினாலாம் மாடியில் என் பிள்ளை ஏறமாட்டாள், நிலத்தில் நிற்கிற சொந்த வீடு இருந்தால் அனுப்புவேன்” என்று எழுதினீர்கள். மார்க்கம் நகரில் தேடினேன், அங்கே கார் விடுகிற அறைகூட நானும் நாலு பேரும் இருக்கிற இந்தப் பதினாலாம் மாடி அறையைவிடப் பெரிது, வாசலிலேயே திரும்பிவிட்டேன். அஜக்ஸ் பக்கம் வீடு மலிவு என்றார்கள், யாருக்கு மலிவு என்று சொல்லவில்லை. கடைசியில் வடக்கே மூன்று மணித்தியாலம் கார் ஓடி, ஹலிபேர்ட்டன் பக்கம், மரமும் பாறையும் தவிர வேறு ஆளில்லாத இடத்தில் ஒரு துண்டுக் காணி என் கைக்கு அடக்கமாகக் கிடைத்தது. நிலத்தில் நிற்கிறது, சொந்தம், வீடு. நீங்கள் கேட்ட மூன்றும் இருக்கிறது. அங்கேயிருந்து வேலைக்கு எப்படி வருவாய் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் யோசிக்கவில்லை.

என்னோடு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற மன்னார்க் கஸ்பர்தான் துணைக்கு வந்தான். வள்ளம் கட்டிய கை என்று சொன்னான். வீட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “உது என்ன பெரிய வேலையே அண்ணை, வள்ளத்தைக் கவிட்டு வைச்சால் சரி” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்திவாரத்துக்குச் சீமெந்தெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான், அவன் மன்னாரில் வள்ளம் கட்டவில்லை, கட்டிய வள்ளத்துக்குப் பெயர் எழுதினவன் என்பது கதையோடு கதையாக வெளிவந்தது. நான் ஏசினேன். “எழுதேக்கை கிட்ட நிண்டு பாத்தனான்தானே” என்றான்.

அத்திவாரம் காய்கிற நேரத்தில் உங்கள் அடுத்த கடிதம் வந்தது. வாசல் கிழக்குப் பார்க்க வேண்டும், நிலை வைக்கிற நாள் இன்னது, தவறினால் மகளை அனுப்புவதற்கில்லை. மாமா, இந்த மாதிரி வீட்டுக்கு வாசல் முன்பக்கம் அல்லது பின்பக்கம்தான் வரும். என் வீட்டுக்கு வடக்கே யானை படுத்த மாதிரிப் பாறை, தெற்கே வெளி. கிழக்கே இருப்பது கூரை. கூரையில் எப்படி வாசல் வைப்பது? ஆனால் நாள் குறித்தாகிவிட்டது. கூரையே எழும்பாத வெறும் அத்திவாரத்தில், நீங்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சந்தனம் குங்குமம் பூசி, தமிழ்க் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் மாவிலை கட்டி, கிழக்கே பார்க்கத் தனி நிலையை நட்டோம். நிலையில் கதவையும் பொருத்தினோம். சுற்றிவர வீடில்லை. கஸ்பர் ஆணி எடுக்கக் காருக்குப் போன நேரம் நான் நிலைக்கு உள்ளே நின்றேன். உள்ளே என்று எதைச் சொல்வது, இரண்டு பக்கமும் வெளிதான், இருந்தாலும் உள்ளே நின்று கதவைத் திறந்து, “வாரும் அருள், வலக்காலை வைச்சு வாரும்” என்று சொல்லிப் பார்த்தேன். பழக்கம் விட்டுப்போயிற்று மாமா, பேச்சு வராமல் போய்விடுமோ என்று பயம். கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்த காணிக்காரர் ரொய் என்ற வெள்ளைக்காரக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். சுற்றிவந்தும் பேசியிருக்கலாம், மனுசன் மரியாதையானவர், திறந்த கதவில் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். வலக்காலைத்தான் வைத்தார்.

பிறகு கூரை எழும்பியது. கூரையின் கிழக்குப் பக்கத்தை வெட்டி, நிலைக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி மாதிரிப் பலகை அடித்து, வாசலை உள்ளே வாங்கினோம். அடுப்பில் முட்டாமல் இருக்கட்டும் என்று கஸ்பர் கதவை வெளியே திறக்கிற மாதிரி மாற்றிப் பொருத்தினான். அடுத்தது அடுப்படித் தட்டு. “அக்காவுக்குக் கை எவ்வளவு எட்டும்? எந்த உயரத்திலை அடிக்க?” என்று கேட்டான். மாமா, எனக்குத் தெரியவில்லை. கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட நாங்கள் ஒன்றாக இருக்கவில்லை, நாட்டில் சண்டை தொடங்கி நான் இங்கே வெளிக்கிட்டுவிட்டேன், பிறகு வருசக்கணக்காகக் கடிதத்திலும் ரெலிபோனிலும்தான் குடும்பம் நடக்கிறது. குரல் தெரியும், எழுத்துத் தெரியும், உயரம் தெரியாது. அறைக்கு வந்து கலியாண அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவ மணையில் இருக்கிறா. ஒரு படத்தில்கூட எழும்பி நிற்கவில்லை. அன்றைக்கு நான் அழுதது உண்மை. தட்டை ஒரு மட்டுக்கு அடித்து வைத்திருக்கிறோம்.

மார்கழி பிறக்கு முன்னம் பால் காய்ச்சவேண்டும் என்று போன ஞாயிறு போனோம். பனிக்குள் வரமாட்டேன் என்ற ஐயர், மந்திரத்தைக் கசற்றில் பதிந்து தந்திருந்தார். குளிரில் பற்றறி இறங்கிவிட்டது, பாதி மந்திரத்தில் ஐயருக்கு நித்திரை வந்த மாதிரிக் குரல் இழுபட்டது. கஸ்பர் தன் பங்குக்கு ஒரு மூலையில் செபமாலை சொன்னான். விறகடுப்பை நன்றாக எரித்தோம், பால் பொங்கியது, கிழக்குப் பக்கம்தான் மாமா, அந்த மட்டில் சந்தோசப்படுங்கள். அந்தச் சூட்டுக்குக் கூரைத் தகரத்தில் ஒட்டியிருந்த அடிப்பனி இளகி, ஒரு கிழமையாகச் சேர்ந்திருந்த பனி முழுவதும் ஒரே இழுவையாகக் கிழக்கே இறங்கியது. வீடு ஒருமுறை குலுங்கிற்று. “மாதாவே, ஆரோ வீட்டை இழுக்கிறாங்கள்!” என்று கஸ்பர் கத்தினான். கதவைத் தள்ளினோம், அசையவில்லை. தோளால் இடித்தோம், தோள்தான் நொந்தது. பனி வழுக்கி விழவேண்டும் என்றுதானே இந்த வீடு, அது வந்து விழுகிற இடத்தில்தானே எங்கள் வாசல்! சத்தம் கேட்டு ரொய் வந்தார். தெற்கு யன்னலால் முதலில் பால் பானையை வெளியே கொடுத்தோம். பிறகு நான். பிறகு கஸ்பர் இடுப்புவரை வந்து இறுகிப்போனான், ரொய்யும் நானும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்தோம். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கின பிறகு, ஏன் கூரையில் கதவு வைத்தீர்கள் என்று ரொய் கேட்டார். மாமனார் சொன்னார் என்றேன். அவர் தலையை ஆட்டி, எனக்கும் ஒருவர் இருந்தார் என்றார். தவறாக எடுக்கவேண்டாம், அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

ஆகையால் மாமா, தெற்குப் பக்கம் வாசல் வைக்க உங்கள் அனுமதியைக் கேட்டே இந்தக் கடிதம். தெற்கு எமனுடைய திசை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஹலிபேர்ட்டன்வரை வருவதென்றால் எமனும், பனியில் வழுக்காமல் இருக்கக் கார்ச் சில்லுக்குக் கட்டுகிற மாதிரி, எருமையின் காலுக்குச் சங்கிலி கட்டித்தான் வரவேண்டும். விசா மாசியோடு முடிகிறது. அதற்குள் உங்கள் சம்மதம் கிடைத்தால் ஒரு சனிக்கிழமையில் வாசலை மாற்றிவிடுவேன். கிடைக்காவிட்டால், உங்கள் சொல்லைத் தட்டி அவவைக் கூப்பிட எனக்குத் துணிவில்லை. இன்னும் காத்திருப்பேன். இத்தனை காலம் காத்திருந்தவனுக்கு அது பழகியிருக்கவேண்டும், ஆனால் பழகவில்லை.

முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், நடக்க நல்ல முழங்காலும், மருமகனிடம் இரக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொற்படி நடக்கும் மருமகன்,
அன்புராசா

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். உறையை ஒட்டப் போகும்போது ரெலிபோன் அடித்தது. அருள்நாயகி, வெள்ளவத்தையில் ஏதோ கொமினிக்கேசன் கடையில் நின்று கோல் எடுத்தா. வாசல் கதையைச் சொன்னேன். “கிழக்கு வாசலோ? நான் எப்ப கேட்டனான்? பதினாலாம் மாடிக்கு லிப்ற் இருக்குத்தானே, அதிலை ஏறமாட்டன் எண்டு நான் எப்ப சொன்னனான்?” என்றா. பிறகு அவதான் மெதுவாகச் சொன்னா: “அப்பாவுக்குத் தனிய இருக்கப் பயம். வாயாலை சொல்லமாட்டார். சுவர் எண்டுவார், வாசல் எண்டுவார். நான் தை பிறந்த கையோடை வாறன், ரிக்கற் போட்டாச்சு. நேரை சொன்னா நான் அழுதிடுவன், நீங்களே அவருக்கு எழுதுங்கோ.” பனி வாசலை மூடினால் என்ன செய்வீர் என்று கேட்டேன். “யன்னலாலை ஏறி வாறன்” என்றா. தட்டு எட்டாவிட்டால்? “நீங்கள் எடுத்துத் தாங்கோவன்.”

அதனால் எழுதுகிறேன் மாமா. எனக்குக் கோபமில்லை. அவ இல்லாத வீட்டில் விடிகிறதும் பொழுதுபடுகிறதும் எப்படியென்று இந்த உலகத்தில் என்னைவிட ஆருக்குத் தெரியும்? உங்களுக்கு அது வேண்டாம். அவ வந்து சேர்ந்த கையோடு உங்களையும் கூப்பிட அலுவல் தொடங்குகிறோம். தெற்கு வாசல் வைக்கத்தான் போகிறேன், ஆனால் கிழக்கு வாசலையும் அடைக்கமாட்டேன், அது உங்களுக்கு. பனி அள்ளுகிற சவள் ஒன்றும் உங்கள் பெயரில் வாங்கி அந்தக் கதவடியில் வைத்துவிடுவேன்.