மதகுச்சாமியின் மழைக்கணக்கு

பழனி மலைத்தொடரில் பெய்கிற மழைக்கெல்லாம் தானே பதில் சொல்லியாக வேண்டும் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கொடைக்கானல் ஏரியின் மதகைத் திறந்து மூடும் வேலை அவருக்கு. பெயர் யாருக்கும் தெரியாது, மதகுச்சாமி என்போம்.

"சாப்டீங்களா?" என்று கேட்டால், "கூக்கால் பக்கம் வானம் கருத்துக் கெடக்கு" என்பார். ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொன்னபோது, "மேடான எடமாப் பாத்துக் குடியேறுங்க" என்றார். பெண் வீட்டார் முகம் செத்துப்போயிற்று.

நான் அப்போது ஏரிக்குக் கீழே ஒரு ஓட்டலில் வேலை பார்த்தேன். எங்கள் துணிகளை வெளுத்தவள் செல்லம்மா. ஏரியிலிருந்து இறங்கும் ஓடைக்குள்ளேயே, ஒரு பாறைமேல், குடிசை போட்டிருந்தாள். கோடையில் ஓடை வற்றினால் அவள் அடுப்பும் அணைந்துவிடும். சாமி மதகை விரற்கடை திறந்து அவளுக்குத் தண்ணீர் விடுவார். ஏரியில் படகு விடுகிறவர் ஓடிவருவார்.

"போட்டெல்லாம் சேத்துல உக்காந்துருச்சுய்யா!"

"எறங்கித் தள்ளச் சொல்லும். தொரைமாருக்கும் காலு இருக்குல்ல?"

ஐப்பசிக்கு முன்பே ஏரியைப் பாதி வடித்துவிடுவது அவர் வழக்கம். மலை கொட்டுவதை வாங்கிக்கொள்ள ஏரிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். ஒரு வருடம், சீசன் நீள்கிறது, படகு ஓட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் மதகைத் தொடவிடவில்லை. சாமி சபித்துக்கொண்டே கீழ்ப்படிந்தார்.

பிறகு மழை பிடித்தது. வானம் இற்றுவிழுந்த மழை. காடும் சரிவும் ஒரே பழுப்பாய்க் கரைந்து ஏரிக்குள் இறங்கின. நடுப்பகலில் தண்ணீர் கரையை நக்கியது. சாமி ஓடைக்கு ஓடினார்; நானும் துணிகளுக்காகப் பின்னால் ஓடினேன்.

"ஏ செல்லம்மா, வெரசா வெளிய வா! மதகத் தொறக்கப் போறேன்."

"தொறந்தா எங் குடிசை?"

"போயிரும்."

"தொறக்காட்டி?"

"கரை ஒடையும். நீயும் இருக்கமாட்ட, கடைத்தெருவும் இருக்காது."

"ஒம்ம வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாரும்!"

பானை, கோழி, நனைந்த விரிப்புகள் எல்லாவற்றையும் அவரே சுமந்து மேட்டில் போட்டார். அவளுடைய பொதிக்கழுதை மட்டும் நகரவில்லை. மனிதர் எவருக்கும் மரியாதை தராத சாமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, வாங்கண்ணே, கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினார். அது வந்தது. மண்ணடுப்பையும் பெயர்த்தெடுக்கப் பார்த்தார், கையிலேயே உடைந்தது. அந்தத் துண்டுகளைக் கீழே போட மனமில்லாமல் கொஞ்சநேரம் நின்றார்.

பின்பு மேலே போய் மதகை முழுக்கத் திறந்தார். கரை நின்றது. கடைத்தெரு பிழைத்தது. பாறைமேல் ஒரு கீற்றுகூட மிஞ்சவில்லை.

செல்லம்மா அழவில்லை. மதகருகே தலை குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"வீடு போனது எனக்கு. இவரு எதுக்கு அழுவுறாரு?" என்று என்னைக் கேட்டாள். மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு போய், அந்த மழையிலேயே அவர் தலையைத் துவட்டினாள்.

அது எங்கள் ஓட்டல் துண்டு. அதை மட்டும் நான் கடைசிவரை திருப்பிக் கேட்கவில்லை.