தலைப்பு: வெங்காயம்

ஒன்பதாம் பக்கத்திலும் கமலக்கண்ணனின் புடவைக் கடை இல்லை. கம்ப்யூட்டரில் 'ஆரணி பட்டு' என்று தட்டித் தேடினால் யார் யார் கடையோ வந்தது. மச்சான் ராமதாஸின் ஷோரூம் முதல் பக்கத்தில் முதலாவதாக வந்தது.

"இன்னும் தள்ளிப் பாருங்க," என்றார் கமலக்கண்ணன்.

பிரவுசிங் சென்டர் ராஜேஷ் தள்ளினார். பத்தாம் பக்கத்தில் ஆரணி பஸ் ஸ்டாண்டின் படம் வந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்குள் வியாபாரம் சூடுபிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டுத் தன் அண்ணன் ராமதாஸிடம் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று மனைவி பரிமளா சொல்லிவிட்டாள். ராமதாஸ் கொடுத்தனுப்பிய சீருடைச் சட்டை வீட்டுக்கே வந்துவிட்டது. சட்டைப் பையின் மேல் 'கண்ணன்' என்று பெயர் குத்தியிருந்தது. முழுப்பெயருக்கு இடம் பற்றவில்லையாம்.

ராஜேஷ் ஒரு வழி சொன்னார். கடையின் இணையதளத்தில் புதிதாக எதை எழுதினாலும் 'பீட்' என்ற ஒன்றின் வழியாக அது மற்ற தளங்களுக்கும் தானாகப் போகும். அங்கிருந்து ஆள் வரும். இங்கே என்னவோ நடக்கிறதே என்று தேடுகிற இயந்திரமும் அடிக்கடி எட்டிப் பார்க்கும். கடை மெல்ல மேலே ஏறும்.

"படம் போவாதுண்ணா, எழுத்து மட்டுந்தான். தெனம் இந்த ரெண்டு கட்டத்த ரொப்புங்க, போதும்."

கட்டங்களின் மேல் 'தலைப்பு', 'உடல்' என்று இருந்தது. கம்ப்யூட்டர்காரர்களுக்குப் புடவையைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று கமலக்கண்ணன் நினைக்கவில்லை. அன்று தறியிலிருந்து வந்த புடவையைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு, நிறத்தைப் பார்த்து நிரப்பினார். தலைப்பு: வெங்காயம். உடல்: மாம்பழம். மறுநாள் தலைப்பு: கத்திரி. உடல்: எலுமிச்சை.

ஒரு வாரத்தில் போன் வந்தது. வேலூரில் ஹோட்டல் நடத்துகிறவர். வெங்காயம் மூட்டை என்ன விலை என்று கேட்டார். அடுத்து வெம்பாக்கத்து விவசாயி ஜெயவேல். அவருக்குக் கத்திரி நாற்று வேண்டுமாம்.

கமலக்கண்ணன் ராஜேஷிடம் ஓடினார். ராஜேஷ் சிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"அது புடவைத் தலைப்பு இல்லண்ணா. சேதிக்கு மேல போடற தலைப்பு."

எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார் கமலக்கண்ணன். இங்கே அழிக்கலாம், மற்ற தளங்கள் எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதான் என்றார் ராஜேஷ். ஊருக்குப் போய்வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆடித் திருவிழாவுக்காகப் படவேட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அதுவரை காத்திருக்க முடியுமா? கமலக்கண்ணனே உட்கார்ந்து எழுதினார். தலைப்பு: எங்களிடம் வெங்காயம் இல்லை. உடல்: மாம்பழம் இல்லை, எலுமிச்சை இல்லை, ஆரணி கமலக்கண்ணன் கடையில் கத்திரி இல்லவே இல்லை. கீழே போன் நம்பர். இதையே தினமும் போட்டார்.

இயந்திரத்துக்கு 'இல்லை' புரியவில்லை. 'ஆரணி' என்று தட்டி, பக்கத்தில் எந்தக் காயைத் தட்டினாலும் முதல் பக்கத்தில் முதலாவதாக அவர் நின்றார். ராமதாஸ் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

அதன்பின் போன் ஓயவில்லை. மாம்பழம் இருக்குதா என்பார்கள். வெங்காயம் வந்துடுச்சா என்பார்கள். முழுதும் கேட்கிற பொறுமை அவருக்குப் போய்விட்டது. காய், பழத்தின் பெயர் காதில் விழுந்ததும் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார்.

"பேஜாராப் போச்சு," என்றார் பரிமளாவிடம். "பெங்களூர்லருந்து ஒரு பொண்ணு. ஒரே ஒரு மாம்பழம் வேணுமாம். அதுக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசிகினு இருக்குது."

"பேசாம மாம்பழமே வாங்கி வித்துடுங்க. ஏதாச்சும் ஒண்ணு விக்கட்டும்," என்றாள் பரிமளா. சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டு, அவர் கண்ணில் படும்படி மாட்டினாள்.

ஆவணி பிறந்தது. கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் வந்தவர், தான் தேசூர் ராஜம்மாள் என்றார். கம்ப்யூட்டரில் மாம்பழம் போட்ட கமலக்கண்ணன் கடை இதுதானா என்று கேட்டார்.

கமலக்கண்ணன் கை கூப்பினார். பீட், இரண்டு கட்டம், இயந்திரம் என்று ஆதியிலிருந்து சொன்னார். இந்தக் கடையில் காய்கறி இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை, வேன் வைத்துக்கொண்டு வந்ததற்கு மன்னிக்க வேண்டும், மார்க்கெட்டுக்கு இப்படியே நேராகப் போகலாம் என்று வழியும் காட்டினார்.

ராஜம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண் மட்டும் கமலக்கண்ணனின் தோளுக்குப் பின்னால் புடவை அலமாரியில் இருந்தது.

"கல்யாணப் பொண்ணே பெங்களூர்லருந்து போன் பண்ணுச்சு. எங்க தெருவுல இன்னும் ஏழெட்டுப் பேரு பண்ணாங்க. எல்லாருக்கும் இல்லன்னுட்டீங்க." செருப்பை விட்டுவிட்டுப் பாயில் ஏறி உட்கார்ந்தார். "காய் யாருங்க கேட்டா? நாங்க கேட்டது கலரு."