கழுத்துச் சுதந்திரம்

இனிமேல் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவது என்று மாஸ்டர் தீர்மானித்தார். தீர்மானித்த இடம் குளியலறை. கதவு தாழ் போட்டிருந்தது, குழாயும் முழுசாகத் திறந்திருந்தது. அந்த வீட்டில் இப்படிப்பட்ட தீர்மானங்களுக்கு அதுதான் பாதுகாப்பான இடம்.

மாஸ்டர் என்றால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். பத்தொன்பது வருஷமாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் மாஸ்டர் நினைத்தால் வண்டி நின்றுவிடும். வீட்டில் அந்த இரண்டாவது பிரேக் அம்மையாரின் காலடியில் இருந்தது.

அம்மையார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். யார் என்ன பேசினாலும் இருமல், செருமல் உட்பட எடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதும் இல்லை.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மாஸ்டர் ஆரம்பித்தால் போதும்.

"சொன்னீங்க. போன பிப்ரவரி பதினொண்ணாம் தேதி. சட்டையில பட்டன் போட்டுக்கிட்டே சொன்னீங்க. மேலேர்ந்து மூணாவது பட்டன்."

இப்படிப்பட்ட சாட்சியை எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது. மாஸ்டர் வெறும் கணவர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மச்சினனின் மாமியார் காலமான செய்தி குடும்பக் குழுவில் வந்த அன்று, மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, கைகூப்பும் படத்துக்குப் பதிலாகக் கைதட்டும் படத்தை அனுப்பிவிட்டார். ஒன்றல்ல, ஆறு. அன்று முதல் மாஸ்டரின் கைபேசியிலிருந்து எது வெளியே போவதானாலும் முதலில் அம்மையாரிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதைத் தணிக்கை என்பார்கள். அம்மையார், "கொடுங்க பார்ப்போம்" என்பார்.

இந்த நிலையில்தான் குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். பல் டாக்டர். அவர் கட்டடத்தின் கைபேசிக் குழுவில் 'மனந்திறப்புப் பெட்டி' என்று ஒன்றைத் திறந்துவைத்தார். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் தெரியாது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு குடியிருப்பாளர்' என்று மட்டும் வரும். மாஸ்டருக்குச் சிறைக்கதவு திறந்தது மாதிரி இருந்தது.

சுதந்திரம் வந்தாயிற்று. சொல்வதற்கு ஒரு விஷயம் வேண்டுமே? அதுவும் தயாராக இருந்தது. சனிக்கிழமை காலை யாரோ வாசல் தூணை இடித்து, இரும்புக் கேட்டின் கீலை வளைத்துவிட்டார்கள். கேட் மூட மாட்டேன் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பல் டாக்டர் அதைப் படமெடுத்து, 'யார் செய்த வேலை இது?' என்று குழுவில் போட்டிருந்தார்.

செய்தது மாஸ்டர்.

காலை ஆறரைக்கு, ஆள் அரவம் இல்லாத வேளையில், சொந்தக் காரைப் பின்னால் எடுத்தபோது நடந்தது. சொந்தக் காரில் பக்கத்து இருக்கையில் பிரேக் போட ஆள் இல்லை. மாஸ்டர் இறங்கிப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், காரின் நசுங்கிய மூலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார், ஒன்றும் தெரியாத முகத்தோடு மேலே வந்தார். தான் குடியிருக்கும் கட்டடத்தில், பல வருஷமாக ஒரே இடத்தில் நிற்கும் தூணை டிரைவிங் மாஸ்டரே இடித்தார் என்று தெரிந்தால் நாளைக்கு யார் அவரிடம் வண்டி கற்க வருவார்கள்?

அதனால்தான் குளியலறை. மாஸ்டரின் விரல் ஒவ்வொன்றும் கைபேசியில் மூன்று எழுத்தை மறைக்கும். ஆகவே அவர் எழுதுவதில்லை. வாயால் சொல்வார், கைபேசி எழுதிக்கொள்ளும். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் அடக்கியிருப்பார். அடுத்தவர் முகத்தருகே உட்கார்ந்து நாளெல்லாம் கத்துகிற தொழில் அல்லவா?

மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் முழங்கத் தொடங்கினார்.

வெளியே அம்மையாரின் குரல் கேட்டது. "உள்ள யார்கூடப் பேசறீங்க?"

"பாட்டுப் பாடறேன்!"

"பாட்டுல லாரி வருதே?"

"புதுப் பாட்டு!"

"சரி சரி, தாளம் தப்பாம பாடுங்க."

மூக்குக் கண்ணாடி கூடத்தில் இருந்தது. எழுதியிருப்பது என்ன என்று பார்க்காமலே மாஸ்டர் அனுப்பினார். பெட்டியில் விழுந்தது இது:

'கழுத்துச் சுதந்திரம் ஒவ்வொருவரின் பிறப்புரிமை. என் கழுத்தை யாரும் நெரிக்க முடியாது. சனிக்கிழமை காலை சாமான் ஏற்றும் லாரி ஒன்று தூணை இடித்துவிட்டு ஓடியது. காவலாளி பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார். அவர் பொறுப்பற்றவர். இது என் சொந்தக் கழுத்து.'

அரை மணி நேரத்தில் கட்டடமே விழுந்து விழுந்து சிரித்தது. 'சொந்தக் கழுத்துதானே, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார் ஒருவர். 'அந்தச் சுதந்திரம் நான் கழுத்தை நீட்டிய அன்றைக்கே போய்விட்டது' என்று இரண்டாம் மாடி அம்மாள் ஒருவர் எழுதினார். அதற்கு முப்பத்தொரு இதயங்கள் விழுந்தன, எல்லாம் திருமணமான இதயங்கள். தரைத்தளத்துத் தையல்காரர், 'கழுத்தளவு வாங்க எப்போது வரட்டும்?' என்று கேட்டார்.

கண்ணாடி கிடைத்த பிறகு மாஸ்டர் இதையெல்லாம் படித்தார். வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினார். திருத்தவும் முடியாது. பெட்டியில் போட்டது போட்டதுதான்.

பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. 'ஆட்டம் கண்டதை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஞாயிறு மாலை கூட்டம். காவலாளியைப் பிடுங்கி எறிவது பற்றி முடிவெடுப்போம்' என்று அறிவித்தார். எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

மாஸ்டர் இவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. லாரி ஓடிவிட்டது, விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். காவலாளி மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் மனைவியோடு குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

ஞாயிறு காலை காவலாளியே வந்து வாசலில் நின்றார்.

"மாஸ்டர், சத்தியமா லாரியே வரல. நான் மோட்டர் போட மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தா தூண் உடைஞ்சிருக்கு. வண்டி வாகனம் தெரிஞ்சவர் நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா டாக்டர் நம்புவாரு."

"பார்க்கலாம்ப்பா" என்றார் மாஸ்டர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார், எல்லாம் முகத்துக்கு நேராக. முகம் காட்டாமல் ஒருவன் சோற்றில் கைவைத்தது இதுதான் முதல் தடவை.

கதவைச் சாத்தியதும் அம்மையார் கேட்டார். "பாவம், யார் எழுதினதோ?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு நான் சொன்னேனா?"

"சொல்லல."

"பின்ன ஏன் வேர்க்குது?"

"புழுக்கம்."

"மின்விசிறி ஓடுதே?"

"அது மெதுவா ஓடுது!"

அம்மையார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார். பென்சில் சீவப் போய்விட்டார். சங்கக் கூட்டங்களில் நடவடிக்கைக் குறிப்பு எடுப்பது அவர்தான்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஐம்பது பேர் கூடினார்கள். காவலாளி ஒரு தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "புகாரைப் படிங்கம்மா."

அம்மையார் எழுந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கழுத்துச் சுதந்திரம் ஒவ்வொருவரின் பிறப்புரிமை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அமைதியா இருங்க. சரியாக் கேக்கலன்னாங்க, திரும்பப் படிக்கறேன். கழுத்துச் சுதந்திரம்..."

யாருமே கேட்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அம்மையார் மூன்று தடவை படித்தார். 'என் சொந்தக் கழுத்து' வந்தபோது தையல்காரர் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். மாஸ்டர் நெளிந்தார். எவ்வளவு கம்பீரமான வாக்கியம் அது! குளியலறையில் எப்படி எதிரொலித்தது!

"எழுதினவருக்கு எழுத்து வாசனையே கிடையாதுன்னு குறிச்சுக்கட்டுமா டாக்டர்?" என்று அம்மையார் கேட்டார்.

"குறிச்சுக்கோங்க."

"படிப்பறிவு இல்லாதவர்..."

"கருத்து!" என்று ஒரு குரல் வெடித்தது. "கழுத்து இல்ல, கருத்து! கருத்துச் சுதந்திரம்! ஒரு சின்ன ரு, ழு ஆயிட்டா ஒரு மனுஷனை இப்படியா கேவலப்படுத்துவீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தவர் மாஸ்டர். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"நீங்களா எழுதினது?" என்று கேட்ட பல் டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப சந்தேகமே வேண்டாம். வண்டி விஷயத்துல மாஸ்டர் கண்ணு தப்பாது. காவலாளியை அனுப்பிடலாம்."

கை தட்டினார்கள். மாஸ்டரும் பாதி சிரித்தார். காவலாளி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அம்மையார். "பதிவுக்காக ரெண்டே கேள்வி. லாரி முன்னால வந்து இடிச்சுதா, பின்னால வந்தா?"

"பின்னால."

"வாசல் இவ்வளவு அகலம். இதுல போய்த் தூணை இடிச்சிருக்கான். சுத்தமா ஓட்டத் தெரியாதவன்னு குறிச்சுக்கறேன்."

"அதெப்படிக் குறிப்ப?" மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "இந்த வாசலைப் பத்தி உனக்கென்ன தெரியும்? பின்னால எடுக்கறப்ப இடது பக்கம் முழுசா ஒடிச்சாகணும். ஒடிச்ச மறுநிமிஷம் தூண் கண்ணாடியில மறைஞ்சு போயிடும். தெரியவே தெரியாது. எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் இடிக்கும்!"

"கண்ணாடியில தெரியாதா?"

"துளிகூடத் தெரியாது!"

"லாரிக்கு வெளியில நின்னு பார்த்த உங்களுக்கு, உள்ள இருக்கற கண்ணாடியில என்ன தெரிஞ்சுது, என்ன தெரியலைன்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

அம்மையாரின் பென்சில் தாளுக்கு ஓர் அங்குலம் மேலே காத்திருந்தது. காவலாளி தலையைத் தூக்கியிருந்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. அதுதான் மாஸ்டரால் தாங்க முடியாததாக இருந்தது. இன்னும் ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், பார்வைக் கோணம் அது இது என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"லாரி எதுவும் வரல" என்றார். "நான்தான். என் காருதான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த வாக்கியம் மட்டும் யாரும் பிடுங்காமல் தானாக வந்தது.

பிறகு நடந்ததை அம்மையாரின் குறிப்பேடு சுருக்கமாகச் சொல்கிறது. காவலாளி வேலையில் நீடிப்பார். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த நான்கு நாள் விடுப்பு அவருக்கு உடனே வழங்கப்படுகிறது. கேட்டைச் சரிசெய்யும்வரை அதை ஆள் நின்று தூக்கிப் பிடித்துத்தான் திறந்து மூட வேண்டியிருப்பதால், அந்த நான்கு நாளும் காலை வேளையில் மாஸ்டர் நிற்பார். ஒருமனதாக நிறைவேறியது. ஆதரித்துக் கை தூக்கியவர்களில் முதல் கை யாருடையது என்று குறிப்பேட்டில் இல்லை, ஆனால் அந்தக் கையில் ஒரு பென்சில் இருந்ததை மாஸ்டர் பார்த்தார்.

திங்கள் காலை எட்டு மணி. இருபது தடவை கேட்டைத் தூக்கி மாஸ்டரின் தோள்பட்டை கழன்றிருந்தது. அம்மையார் கைப்பையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் மாஸ்டர். "எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"சனிக்கிழமை காலை ஆறு முப்பத்திரண்டு. பால்கனியில துணி உலர்த்திக்கிட்டு இருந்தேன்."

"எல்லாத்தையும் பார்த்தியா?"

"நீங்க இறங்கி ரெண்டு பக்கமும் பார்த்தீங்க. மேல பார்க்கல."

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் மாதிரிதான் இருந்தது. "அப்ப அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே! என்னை ஏன் ஐம்பது பேர் முன்னால நிக்க வெச்ச?"

"நான் சொன்னா அது கருத்து. நீங்க சொன்னாத்தான் வாக்குமூலம்" என்றார் அம்மையார். "கேட்டைத் தூக்குங்க, பஸ் போயிடும்."