விரிவாக்கத்துக்கு ஒரு குடம்

கண்டி மாவட்டத்தில் எந்த அதிகாரியின் இடுப்பையும் மதிக்காத ஒரே மனிதர் குடத்தார்.

சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்கள் வெளிநாட்டு உதவித் திட்டத்தில் என் கீழ் வேலை செய்த கள உத்தியோகத்தர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர். பார்வையிட வருகிறவர்கள் குழாயைத் திறக்குமுன் பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பழைய பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மேலே சுமந்து வரவேண்டும். அது அவருடைய சட்டம். ஜீப்பில் உதிரி டயர் இல்லாமல் போவார், மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் இல்லாமல் போகமாட்டார். ஒரு பொறியியலாளர் முதுகுவலிக்கு மருத்துவச் சான்றிதழே நீட்டினார்.

"அப்ப அரைக் குடம் தூக்குங்க சேர்."

மிச்ச ஆறு தோட்டங்களுக்கும் குழாய் போடுவதா என்று தீர்மானிக்க, பணம் தரும் நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மணி வந்தார். வரும்போதே கையோடு கொண்டுவந்த வரைவு அறிக்கையின் கடைசி வரி: 'மேலும் ஆய்வு தேவை.' கோப்புகளை அடக்கம் செய்யும் நடைமுறை அது. நானே பலவற்றை அப்படி அடக்கியிருக்கிறேன்.

"தம்பி, இண்டைக்கு மட்டும் குடத்தை ஒளிச்சு வையும். ஒரு சுற்றறிக்கையிலயும் இது இல்லை" என்றேன்.

"சுற்றறிக்கையில பீலியும் இல்லீங்களே ஐயா" என்று குடத்தார் அம்மணிக்கு ஒரு குடமும் எனக்கு ஒரு குடமும் நீட்டினார்.

லயத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"கொழந்தையத் தூக்குற மாதிரி இடுப்புல வைங்க ஐயா!"

"கொழந்தைன்னா இந்நேரம் கத்தியிருக்கும்டி!"

பாதி மேட்டில் அம்மணி உட்கார்ந்துவிட்டார். சப்பாத்துக்குள் தண்ணீர். மற்றத் தோட்டங்களிலும் இப்படித்தானா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அங்கல்லாம் இன்னும் தூரமுங்க. எங்கக்கா அங்கதான் தூக்கிக்கிட்டு இருக்கு" என்றார் குடத்தார். அப்போதுதான் எனக்கே தெரியும்.

அம்மணி பேனை கேட்டார். கடைசி வரியை அந்த மேட்டிலேயே வெட்டினார்.

இன்று ஆறு தோட்டங்களிலும் குழாய் இருக்கிறது. அக்கா வீட்டு வாசலிலும். மற்ற மாவட்டங்களுக்கான கைநூலை நான் எழுதினேன். 'கள விஜயத்துக்குத் தேவையானவை: குடம், ஆளுக்கு ஒன்று.' மேலிடம் மூன்று முறை வெட்டியது. நான்கு முறை சேர்த்தேன். இப்போது எங்கெங்கோ அதிகாரிகள் என்னைத் திட்டியபடி மேடு ஏறுகிறார்கள். கேட்கவே பெருமையாக இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள். குடத்தார் அன்று நான் சுமந்த மஞ்சள் குடத்தைத் தந்தார். என் குண்டசாலை வீட்டில், கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அதைத் தரும்படி மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எல்லா நடைமுறையும் அறிந்த எனக்கு, அதை வெளியே எடுக்கும் நடைமுறை மட்டும் தெரியவில்லை.