சிவப்புக் கோட்டார் வாங்கிய திட்டு

பெங்களூரில் இணையப் பக்கம் செய்கிற அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும், எங்கள் சிவப்புக் கோட்டாரைப் போல இன்னொருவர் அகப்படமாட்டார். பிரேசர் டவுன் மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில், அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். இணையப் பக்கத்தில் எது கோணினாலும், படம், எழுத்து, பொத்தான் என்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் டிபன் பாக்ஸ் மூடியிலும் சிவப்பு டேப்தான்.

நான் தர்மபுரியிலிருந்து வந்து ஐந்து மாதம். ஆறாவது மாதக் கடைசியில் வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று சொல்வார்கள். அதற்குள் ஒரு பல் டாக்டரின் பக்கத்தை நான் தனியாக முடித்தாக வேண்டும். ஒரு பிரவுசரில் முன்பதிவு பொத்தான் லட்சணமாக நின்றது. இன்னொன்றில் படத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தோற்றத்துக்கு எழுதிய சிஎஸ்எஸ் வரிகளோ இரண்டுக்கும் ஒன்றுதான். எனக்கு மண்டை காய்ந்தது.

“என்னண்ணா இது, ஸ்டாண்டர்டுன்னு ஒரு பொது விதி இருக்குல்ல? அதைப் படிச்சுத்தானே எழுதினேன்!”

“ஸ்டாண்டர்டு ஒண்ணுதாம்மா. ஒவ்வொரு பிரவுசரும் அதுங்க இஷ்டத்துக்குப் புரிஞ்சுக்குது. ஸ்வல்ப பொறு, கோடு போடு. எந்த டப்பா எங்க குந்தினு இருக்குன்னு தெரியும்.”

போட்டேன். தெரிந்தது. குழப்பம் இரண்டு மடங்கானது.

அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரை நம்பமாட்டார். கீழே டீக்கடையில் நிற்பவர்களின் போனையெல்லாம் கேட்பார். “சார், இந்தப் பல் டாக்டர் பக்கம் உங்க போன்ல எப்படி வருதுன்னு பாக்கணும்.” ஒரு பெரியவர் போனை விட்டுவிட்டு, ஆவென்று கடைவாய்ப் பல்லைக் காட்டினார். நம்மவர் அசராமல் அதையும் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு டாக்டர்தான் சார் வேணும். நீங்க போனைக் குடுங்க.”

நான் ஒவ்வொரு வரியாக மாற்ற, அவர் ஒவ்வொரு போனாகப் பார்க்க, ஒருவழியாக எல்லாவற்றிலும் பொத்தான் வந்தது. குஷியில் பக்கத்தை வெளியிட்டுவிட்டேன். சிவப்புக் கோடுகளை எடுக்க மறந்துபோனேன். மறுநாள் பக்கம் முழுக்க, டாக்டரின் முகத்தைச் சுற்றியும்கூட, சிவப்புக் கட்டம்.

“யார் வேலை இது?” என்று மேனேஜர் கத்தினார்.

“நான்தான் சார். எடுக்க மறந்துட்டேன்” என்றார் சிவப்புக் கோட்டார்.

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. டிபன் பாக்ஸே சாட்சி. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அதில் என் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு அவரிடம் நீட்டினேன்.

“இதையாவது எடுக்க மறந்துடாதம்மா” என்றார்.

சிஎஸ்எஸ் எனக்கு இன்றைக்கும் முழுசாகப் புரியாது. அந்தக் கட்டத்தை மட்டும் நான் எடுக்கவே இல்லை, அண்ணா.