இருபத்தேழு மீனும் ஒரு வாக்கியமும்

ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை வாங்குவதற்காக இருபத்தேழு மீன்களைக் கொன்றவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மீன்கள் பக்கமிருந்து பார்த்தால் அந்த வாக்கியம் மிகவும் சிறியது. என் பக்கமிருந்து பார்த்தால் மீன்களும் அப்படியொன்றும் பெரியவை அல்ல.

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுடையது. வளவும், வளவிலுள்ள மாமரமும், மாமரத்தில் கட்டிய ஆடும் பெண்ணுடையவை. மாப்பிள்ளைக்குச் சொந்தமானது அவன் தூக்கிவந்த தகரப் பெட்டி ஒன்றுதான். (என் பெட்டியின் பூட்டு முதல் மாதமே பழுதாகிவிட்டதால் அதுவும் பொதுச்சொத்தானது.)

என் மனைவி பாக்கியத்தின் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நான் வேலை பார்த்த கச்சேரி, அதாவது அரசாங்கக் காரியாலயம், வாவிக்குக் கிழக்கே, பட்டணத்தில். இஸ்திரி போட்ட கால்சட்டையும் காதில் பேனாவுமாகத் தினமும் தோணியில் போய் வரும் கிளாக்கர் நான். மாமனாரோ வட்டை விதானை. வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் சேர்ந்த ஒரு பரப்பு. அதில் யாருக்கு முதலில் தண்ணீர், யார் திருட்டுத்தனமாக வரம்பை வெட்டினான் என்பதையெல்லாம் தீர்த்து வைப்பவர் விதானை. தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்து, அது எவனுடைய வயல் வழியாக வந்தது என்று சொல்வாராம். சேற்றில் இறங்கும் மருமகன் ஒருவனைத்தான் அவர் தேடினார். மாமியோ அரசாங்க உத்தியோகம் தேடினார். மாமி ஜெயித்தார். தாலி கட்டிய நாளிலிருந்து மாமனார் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

மாமியும் பேசுவதில்லைதான். ஆனால் அது கூச்சம்; மருமகனோடு நேரே பேசக்கூடாது என்ற வழக்கம். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் பூனையிடம் சொல்லுவார். "பூனையாரே, சோறு ஆறிப் போகுது" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தால் நான் எழுந்து கை கழுவுவேன். மாமனாருடையது கூச்சமல்ல, தீர்ப்பு. அதைப் பாக்கியம் வழியாக அறிவிப்பார்.

"புள்ள, உன்ட புருஷன் கதிரைய வழியில போட்டிருக்காரு. எடுக்கச் சொல்லு."

அந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பவன் நானே. தூரம் மூன்று முழம்.

"கதிரைய எடுக்கட்டாம்" என்பாள் பாக்கியம்.

"எடுக்கிறன் எண்டு சொல்லு."

"எடுக்கிறாராம், அப்பா."

(அவளைத் தபால் கந்தோரில் சேர்த்திருந்தால் ஓய்வூதியமாவது கிடைத்திருக்கும்.)

அந்த வருஷம் மாமனாருக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. பட்டணத்திலிருந்து வந்த அப்போதிக்கரி வைத்தியர், இனி வட்டைப் பக்கம் போகவே கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த மாரியைத் தாண்டுவது கஷ்டம் என்று வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். அதன் பிறகு மாமனார் நடுக்கூடத்தில் சாய்மானக் கதிரையில் கிடந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சுண்ணாம்புச் சுவர்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் சாகப்போகிறார் என்ற துக்கத்தைவிட, என்னை ஒரு முறையாவது கூப்பிடாமல் சாகப்போகிறார் என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. "தம்பி" என்றாலும் சரி, "மருமகன்" என்றாலும் சரி. "டேய்" என்றால்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அந்த நேரத்தில் கச்சேரித் துரை ஒருவர் இடம் மாறிப் போனார். அவருடைய பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. நாலரை அடி நீளம், இரண்டடி உயரம், இரும்புச் சட்டம், அடியில் கற்பலகை. யாருக்கும் வேண்டாத அந்தச் சாமானை, கூடவே ஒரு புத்தகத்தையும், என் தலையில் கட்டிவிட்டுத் துரை கப்பலேறினார். புத்தகத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். அதன் சாரம் இது: தொட்டிக்குள் போதிய செடி இருந்தால் மீனுக்கு மூச்சைச் செடி கொடுக்கும், செடிக்கு உரத்தை மீன் கொடுக்கும், தண்ணீரை மாற்ற வேண்டிய தேவையே வராது. ஒரு பூரண உலகம். அந்த வயதில் எனக்குப் பூரண உலகங்களில் ஒரு பலவீனம் இருந்தது. மனிதர் தண்ணீரைப் பார்க்காமல் வாடுகிறார், தண்ணீரையே வீட்டுக்குள் கொண்டுபோவோம் என்று தீர்மானித்தேன்.

தொட்டியை வெள்ளைத் துணியால் சுற்றித் தோணியில் ஏற்றினோம். காத்தான்குடியிலிருந்து புடவை மூட்டையோடு வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் (காக்கா என்று கூப்பிடுவோம்), சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆர்ர சந்தூக்கு? மையத்துக் கொண்டுபோற பெட்டியக் கண்ணாடியில செய்றத இப்பதான் பாக்கிறன்."

"இல்ல காக்கா, இது எங்கட மாமாவுக்கு..." என்று தொடங்கினேன். தோணி ஆடியது. தொட்டியைப் பிடிக்கப் போனதில் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"அல்லாவே, மாமாக்கா!" என்றார் காக்கா.

அவர் துறையில் எனக்கு முன்பே இறங்கி, செய்தியோடு ஊருக்குள் போய்விட்டார். தொட்டியை வண்டியில் ஏற்றி நான் வீடு சேர்ந்தபோது உள்ளேயிருந்து மாமியின் ஒப்பாரி கேட்டது. துணைக்கு அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். பாக்கியம் படலையிலேயே மறித்தாள்.

"என்ன வேலை பாத்துப் போட்டீங்க? அப்பா உசிரோட இருக்கக்குள்ள பெட்டி கொண்டு வாறதா?"

மீன், செடி, பூரண உலகம் என்று நான் திணறித் திணறி விளக்கி முடிக்க, ஒப்பாரி மெதுவாகத் தணிந்தது. (மாமி பூனையைக் கட்டிப் பிடித்து, "இந்த அரிகண்டத்தப் பாத்தியா" என்றார்.) மாமனார் மட்டும் அசையவில்லை. தொட்டியைத் தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்தார்.

"புள்ள, கேளு. கால மடக்கியா படுக்கிற?"

பகிடியா, நிசமாகவே கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதிர்ச்சுவரோரம் ஒரு வாங்குப் பலகை போட்டு அதன்மேல் தொட்டியை ஏற்றினேன். அடியில் நாலு விரல் மண் போடச் சொன்னது புத்தகம். எந்த மண் என்று யோசித்தபோது ஒரு காவிய எண்ணம் உதித்தது: மாமனாரின் வயல் மண்ணே போடுவோம்! மாட்டுப் பட்டி அடைத்து எருவேறிக் கிடந்த துண்டாகப் பார்த்து வெட்டி வந்தேன். மேலே ஆற்று மணல். வேலம்பாசியும் அல்லிக் கிழங்கும் நட்டேன். கிணற்றிலிருந்து நானே தண்ணீர் சுமந்தேன். பத்தாவது வாளியில் கை கொப்பளித்தது. மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, பட்டி அடைச்ச மண்ணா எண்டு கேளு."

"ஓம், நல்ல எருப்பசளை எண்டு சொல்லு" என்றேன் உற்சாகமாக.

"ரெண்டு கிழமைக்குத் தண்ணியக் கட்டிக் கட்டித் திறந்து விடோணும். அதுக்கு மறுகாதான் மீன விடலாம் எண்டு சொல்லு."

"தண்ணி மாத்தத் தேவையில்ல எண்டு புத்தகத்தில இருக்கு எண்டு சொல்லு."

பாக்கியம் இதைச் சொல்லவில்லை. "யோசிக்கிறாராம், அப்பா" என்றாள். எட்டு மாதத் தபால் சேவையில் அவள் மாற்றிக் கொடுத்த கடிதம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மாலை மீன் வந்தது. உன்னிச்சைக் குளத்தில் வலை போடும் ஒருவர் பானையில் கொண்டுவந்தார். சிறு கெண்டை இருபது, கெளுத்திக் குஞ்சு ஆறு. "இது சும்மா, அன்பளிப்பு" என்று அரை முழ விரால் ஒன்றையும் சேர்த்து ஊற்றினார். செடிகளுக்கு நடுவே கெண்டைகள் வெள்ளிக் காசாகத் திரும்பின. சுவரை விட்டு மாமனாரின் கண் தொட்டிக்கு வந்தது. அவர் வாய் திறந்தது. நான் முன்னால் குனிந்தேன். கொட்டாவி.

மறுநாள் ஆடி அமாவாசை. விடியமுன் பாக்கியமும் மாமியும் அமிர்தகழித் தீர்த்தத்துக்கு வண்டி ஏறினார்கள். மாமனாரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கதவு சாத்தப்பட்ட பிறகுதான் நிலைமை உறைத்தது. வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு பூனை. தபால்காரி இல்லை.

விடிந்து பார்த்தால் இருபது கெண்டையும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. என்னைக் கண்டுதான் வந்திருக்கின்றன, பசி என்று நினைத்து ஒரு பிடி சோறு போட்டேன். மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் திரும்பி, "புள்ள" என்றார். புள்ளை தீர்த்தமாடிக்கொண்டிருந்தாள். அவருடைய கண் வீட்டையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் தொட்டியில் முன்னங்காலை ஊன்றி நின்ற பூனையில் வந்து நின்றது.

"பூனை," என்றார், "தண்ணி புளிச்சுப் போச்சு."

எனக்குக் கேட்டது. ஆனால் சொன்னது பூனைக்கு. வீட்டுச் சட்டப்படி நேரே பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் பூனையைப் பார்த்து, "புத்தகத்தில அப்பிடி இல்ல எண்டு சொல்லு" என்றேன். பூனை இரண்டு பேரையும் மதிக்கவில்லை. அதற்கு நிலைமை ஏற்கனவே தெரியும்.

வெயில் ஏற, முதலாவது கெண்டை மல்லாந்தது. மல்லாந்த கெண்டையை விரால் விழுங்கியது. புத்தகத்தைப் புரட்டினேன். சாவைப் பற்றி அதில் அத்தியாயம் இல்லை. ஐந்தாவது மீன் மிதந்தபோது, செடிகளைக் கொஞ்சம் இடம் மாற்றினால் மூச்சு வருமென்று கையைத் தோள்வரை விட்டு அல்லிக் கிழங்கைப் பிடுங்கினேன்.

அந்தத் தவறுக்குத்தான் தொட்டி காத்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக எருமண் கிளம்பியது. தண்ணீர் கறுத்தது. பட்டி மாடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கூடத்துக்குள் வந்து நின்றதைப் போல வெடில் அடித்தது. மாமனார் சால்வையால் மூக்கை மூடினார். வாளி வாளியாக அள்ளி முற்றத்தில் ஊற்றினேன், கிணற்றிலிருந்து புதுத்தண்ணீர் கொண்டு ஓடினேன், வழுக்கி விழுந்தேன், வாளியும் விழுந்தது. உடம்பெல்லாம் சேறு. கெண்டைகள் அலை அலையாக மல்லாந்தன. பின்னேரம் கெளுத்திகளும் போயின. விரால் மட்டும் இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு, வயிறு புடைக்கக் கீழே போனது. என் பூரண உலகத்தில் பூரணமாக இருந்தது அது ஒன்றுதான்.

சாகப்போகிற மனிதருக்கு முன்னால், அவர் பார்க்கப் பார்க்க, இருபத்தாறு சாவை நடத்திக் காட்டியிருந்தேன். இனி அவர் பேசமாட்டார் என்பது உறுதியாகிவிட்டது. தொட்டியில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்தேன். அழுதாயா என்று கேட்காதீர்கள். எல்லா இடமும் தண்ணீராகத்தான் இருந்தது.

அப்போது சாய்மானக் கதிரை கிறீச்சிட்டது.

"மருமகன்."

நான் முதலில் பூனையைத்தான் பார்த்தேன்.

"மருமகன், சட்டிய எடுங்க."

எடு அல்ல, எடுங்க. அவருடைய கண் என் முகத்தில் இல்லை. முழங்கால்வரை சேறு அப்பியிருந்த என் காலில் இருந்தது.

குசினிக்கு ஓடினேன். அன்றுவரை அந்தக் குசினிக்குள் நான் கால் வைத்ததில்லை. எது எந்தச் சட்டி என்று தெரியாமல், உறியில் சுத்தமாகத் தொங்கியதை எடுத்து வந்தேன். மாமி வருஷத்துக்கு ஒரு முறை கோயிலில் பொங்கல் வைக்கும் சட்டி அது. மாமனார் அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். விட்டுவிட்டார். அந்தச் சட்டியில்தான் இருபத்தேழாவது மீனான விராலைக் குழம்பு வைத்தேன்.

இருட்டுகிற நேரம் திரும்பி வந்த பாக்கியம், சேறும் நாற்றமும் எல்லாவற்றையும் தாண்டி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா கதைச்சவரா?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"சட்டிய எடுக்கச் சொன்னவர்."

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமி சட்டியைக் கண்டார். அந்த மாதம் முழுவதும் பூனைக்கு நல்ல பேச்சுக் கிடைத்தது. மாமனார் குழம்பில் இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"புள்ள, உன்ட புருஷனிட்டச் சொல்லு. சேத்து வெடில் அடிக்குது."

தபால் சேவை மீண்டும் தொடங்கிவிட்டது.

மார்கழியில், வட்டையெல்லாம் தண்ணீர் கட்டி நின்றபோது, மாமனார் போனார். அன்று காலை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பூனையைக்கூடக் கூப்பிட்டார். நான் தலைமாட்டில் கதிரை போட்டு முறைக்காகக் காத்திருந்தேன். என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பாக்கியத்தின் காதில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"கதிரைய வழியில இருந்து எடுக்கட்டாம்."

எடுத்தேன்.

தொட்டியில் இப்போது விதைநெல் இருக்கிறது. வாக்கியம் எங்கள் குடும்பத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது. மகன் பள்ளிக்கூடச் சோதனையில் தவறி வந்தாலும், ஆசைப்பட்டுத் தொடங்கிய கடை படுத்தாலும், யாராவது ஒருவர் அடுத்த அறையிலிருந்து, "மருமகன், சட்டிய எடுங்க" என்பார்கள்.

எனக்கும் போன வருஷம் ஒரு மருமகன் வந்து சேர்ந்தான். மாமனாரைப் போல இருக்கக்கூடாது என்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அவனோடு நேரே பேசுகிறேன். நான் பேசியதில் ஒரு வாக்கியமாவது அவன் மனதில் தங்கியதாகத் தெரியவில்லை. போன கிழமை ரேடியோப் பெட்டி ஒன்றைத் திருத்துகிறேன் என்று கூடத்தில் கழற்றிப் போட்டான். அதிலிருந்து புகை கிளம்பியது. நான் மின்சாரத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தேன். குசினிக்குள்ளிருந்து பாக்கியம், அப்படியே அவள் அப்பாவின் குரலில், அதைச் சொன்னாள்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எழுந்து, உண்மையாகவே சட்டியை எடுக்கப் போனான்.